டேங்க் சொல்லும் கணக்கு

‘மைலேஜ் எவ்வளவுண்ணே?’ பிக்கப் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஏற்றும் மூட்டையைக் கேட்டால்தானே சொல்ல முடியும்!

என் வண்டி நாலு சிலிண்டர், 2.5 லிட்டர் டீசல். திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணத்துக்குக் காலியாகப் போனால் லிட்டருக்கு 14 தருகிறது. அதிலேயே 40 கிலோ மூட்டை 30 ஏற்றி, வாய்க்கால் கரையில் முதல் கியரில் உறுமி, கொள்முதல் நிலைய வரிசையில் நின்று நின்று நகர்ந்தால் 10 தாண்டாது. குறுவை அறுப்பில் மழை பிடித்துவிட்டால் சேற்றில் சக்கரம் சுற்றியே டீசல் தீரும். அந்த நாளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண் ஆய்வுக்கூடத்தில், உருளைமேல் ஓட்டி எடுத்தது. அங்கே குறுக்கே மாடு வராது.

அமெரிக்காவில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப்புகள் பலவும் கேலனுக்குச் சுமார் 20 மைல்தான். நம் கணக்கில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். அதிலும் பலர் காலிப் பெட்டியோடு ஆபீஸ் போகிறார்கள்!

நீங்களே அளந்து பாருங்கள். பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, 300 கிலோமீட்டர் ஓட்டி, அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள். அன்றைக்கே டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள்.