வேதாகமத் தமிழுக்கு உழைத்த நாவலர்

வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்க ஒரு சைவ அறிஞர் உழைத்தார் என்றால் நம்புவீர்களா? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர்தான் அவர்! பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார். அந்த வேதாகமம் 1850-இல் வெளிவந்தது. ஆனால், ஃபப்ரீசியஸ் பாதிரியார் முன்பே செய்த, நெடுநாள் பழகிய மொழிபெயர்ப்பை விட்டு வெகுதூரம் விலகிவிட்டது என்று தமிழகத்தில் பலர் அதை ஏற்கவில்லை. பிறகு ஹென்றி பவர் பாதிரியார் தலைமையில் ஒரு குழு கூடிப் பேசி, 1871-இல் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தது. அப்போதும் லுத்தரன் சபையார் ஃபப்ரீசியஸ் மொழிபெயர்ப்பை விடவில்லை! வேதத்தை எந்தத் தமிழில் சொல்வது என்று இத்தனை பேர் மனதார வாதாடியதால், நம் உரைநடையும் வளம் பெற்றது, நேயர்களே!