மண்ணடி உலகம் – 14: எதிரிக்குச் சமைக்கும் வேர்

நண்பகல் வெயிலில் துவண்டு, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும் தக்காளிச் செடியைப் பார்த்தால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிப்போம். கூடுதலாகப் பாய்ச்சிப் பார்ப்போம், உரம் வைத்துப் பார்ப்போம். இலை மஞ்சளாகிக்கொண்டே போகும். செடியைப் பிடுங்கி மண்ணை உதறினால்தான் விஷயம் தெரியும்: வேர் நெடுக மிளகு அளவிலும் கடலை அளவிலும் புடைப்புகள். உளுந்து, நிலக்கடலையின் வேர்முடிச்சு என்றால் விரலால் நிமிண்டினால் உதிர்ந்துவிடும். இது உதிராது. வேரே வீங்கியிருக்கிறது.

இது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. இங்கிலாந்தில் கண்ணாடிக்குடிலில் வளர்ந்த வெள்ளரியின் வேர்களில் இந்த வீக்கத்தைக் கண்டு 1855இல் எழுதிவைத்தவர் மைல்ஸ் பெர்க்லி. பாதிரியார், பூஞ்சைகளை ஆராய்வதில் பெயர்பெற்றவர்.

வேரைத் தேடி வரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. வாயில் உள்ளே துளையுள்ள ஓர் ஊசி. வேர் நுனிக்குச் சற்று மேலே நுழைகிறது. அது போய்ச்சேர வேண்டிய இடம் நீரும் சத்தும் ஓடும் நடுப்பகுதி. ஆனால் அகத்தோல் என்ற காவல் அடுக்கு குறுக்கே நிற்கிறது. புழு அதோடு மோதுவதில்லை. செல்களுக்கு இடையே நெளிந்து வேர் நுனிவரை இறங்குகிறது. அந்த அடுக்கு இன்னும் உருவாகாத இடத்தில் திரும்பி, நடுப்பகுதி வழியாக மேலே ஏறுகிறது. வழியில் செல்களைக் கிழிப்பது குறைவு. காயம் பெரிதானால் செடி ஜாஸ்மோனிக் அமிலத்தைச் சுரந்து உஷாராகிவிடும்.

இடம் பிடித்ததும் சில செல்களைத் தேர்ந்தெடுத்து ஊசி வழியாகத் தன் சுரப்பை இறக்குகிறது. அந்தச் செல்களில் உட்கரு பிரிகிறது, மறுபடி பிரிகிறது. நடுவே சுவர் மட்டும் எழும்புவதில்லை. ஒரே செல்லுக்குள் நூறு உட்கருக்கள்வரை சேர்ந்து, அது பூதாகாரமாகிறது. இனிப் புழுவுக்குச் சாப்பாடு அங்கேதான். அது நகர்வதை நிறுத்திவிடுகிறது. பெண்புழு பேரிக்காய் வடிவில் உப்பி, ஆண் துணையே இல்லாமல் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. கூட்டம் பெருத்து உணவு தட்டினால்தான் ஆண்கள் அதிகம் உருவாகின்றன.

நூற்புழு செடிக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. கிளைவேர் விட ஆக்சின் ஓரிடத்தில் குவிய வேண்டும். செல் பிரியச் சைட்டோகைனின் வேண்டும். இரண்டும் செடியின் சொந்த ஹார்மோன்கள். புழு குடியேறிய இடத்தில் ஆக்சின் குவிகிறது. வேர்முடிச்சு நூற்புழுவின் சுரப்பிலேயே சைட்டோகைனின் இருக்கிறது. அதன் உறவான சர்க்கரை பீட் நூற்புழு, சைட்டோகைனின் தயாரிக்கும் மரபணுவையே வைத்திருப்பதை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகக் குழு 2015இல் காட்டியது. அந்த மரபணுவை அடக்கினால் புழு நோஞ்சானாகிறது.

எதிர்ப்பை அடக்கும் விதம் இன்னும் நுட்பமானது. நோயை எதிர்க்கச் செடி சுரக்கும் சாலிசிலிக் அமிலம், கோரிஸ்மேட் என்ற மூலப்பொருளிலிருந்து வருகிறது. புழு கோரிஸ்மேட் மியூட்டேஸ் என்ற நொதியைச் செல்லுக்குள் விடுகிறது. மூலப்பொருள் வேறு பாதையில் திரும்பிவிட, அமிலம் குறைகிறது. விலங்குகளிடம் பொதுவாக இந்த நொதி கிடையாது. என்றோ பாக்டீரியாவிடமிருந்து வந்த மரபணு என்றே கருதப்படுகிறது. செல் சுவரைக் கரைக்கும் செல்லுலேஸும் அப்படித்தான். திருடிய கருவிகளோடு திரியும் பிராணி!

தக்காளியும் சும்மா இல்லை. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளி ஒன்றில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் தோட்டத் தக்காளியோடு கலந்தால் கரு பிழைக்கவில்லை. கருவைத் தனியே எடுத்து வளர்த்துத்தான் 1940களில் அமெரிக்காவில் கலப்பினம் கிடைத்தது. அப்படி வந்த மரபணுவுக்கு 'மி' என்று பெயர். இந்த மரபணு உள்ள செடியில், புழுவின் தலையைச் சுற்றியுள்ள செல்கள் தாமே செத்துவிடுகின்றன. புழு பட்டினி.

குறை ஒன்று உண்டு. மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் 'மி' கைவிட்டுவிடும். சித்திரை, வைகாசியில் நம் சமவெளி மண் அதைச் சுலபமாகத் தாண்டும். எதிர்ப்பு ரகம் என்று காசு கொடுத்து வாங்கியவருக்கு இதையும் சொல்லியிருக்க வேண்டும். வேறொரு காட்டுத் தக்காளியில் இருக்கும் 'மி-9' அந்த வெப்பத்திலும் வேலை செய்கிறது. ஆனால் இப்போதைக்கு நம் கையில் இருப்பவை செண்டுமல்லிப் பயிர்ச்சுழற்சியும் வேப்பம் புண்ணாக்கும். நாற்று வாங்கும்போது இலையின் பச்சையைப் பார்த்ததோடு விடாமல், நாலைந்தைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். புடைப்பு இருந்தால் அந்த நாற்றுத் தட்டையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.