மண்ணுக்குள் கிடந்த தங்க நகை... ஆனா சட்டப்படி புதையல் இல்லை! ஏன்?

1985-ல் இங்கிலாந்தின் மிடில்ஹாம் கோட்டை அருகே, மெட்டல் டிடெக்டரோடு தேடியவர்களுக்கு ஒரு தங்கப் பதக்கம் கிடைத்தது. இன்று அதன் பெயர் 'மிடில்ஹாம் ஜுவல்'.

அப்படி என்ன ஸ்பெஷல்?
15-ம் நூற்றாண்டு நகை. உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பக்கம் நீலக்கல், பின்பக்கம் இயேசு பிறப்புக் காட்சி. வலிப்பு நோயைத் தடுக்கும்னு அப்போ நம்பப்பட்ட ஒரு மந்திரச் சொல்லும் அதில் இருக்கு.

புதையல் இல்லையா?
திரும்ப எடுக்கலாம்னு புதைத்து வைத்த தங்கம், வெள்ளிதான் அன்றைய சட்டத்தில் புதையல். அதுதான் அரசுக்குச் சொந்தம். தவறி விழுந்து தொலைந்த நகை அதில் வராது.

விளைவு?
1986-ல் ஏலத்தில் சுமார் 13 லட்சம் பவுண்டுக்குத் தனியாரிடம் போனது. 1992-ல் யார்க்‌ஷயர் மியூசியம் அதை வாங்க 25 லட்சம் பவுண்ட் திரட்ட வேண்டியதாச்சு.

இப்போ எப்படி?
1996-ல் வந்த சட்டப்படி, குறைந்தது 300 ஆண்டு பழமையும் 10% தங்கமோ வெள்ளியோ இருந்தாலே புதையல்தான். புதைத்ததா, தொலைந்ததாங்கிற கேள்வியே இல்லை. 14 நாளுக்குள் 'கரோனர்' என்ற அதிகாரியிடம் சொல்லணும். மியூசியம் எடுத்துக்கொண்டால், கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் சன்மானம் உண்டு.

அதாவது, இதே நகை இன்று கிடைத்திருந்தால், ஏலத்துக்கு முன்னாடியே மியூசியத்துக்குத்தான் முதல் வாய்ப்பு.