ஊட்டி ரோட்டுல தார் போட தனிப் பயிற்சி வேணுமா? வளைவில் மட்டும் ஜல்லி பெயர்வது ஏன்?

ஊட்டிக்கு வண்டி ஓட்டிட்டுப் போன எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். நேர் ரோடு வழவழன்னு இருக்கும். கொண்டை ஊசி வளைவு வந்ததும் ஜல்லி பெயர்ந்து கிடக்கும், பைக் வழுக்கும். போன வருஷம்தானே தார் போட்டாங்க, அதுக்குள்ள எப்படி?

"காசு அடிச்சுட்டாங்க" என்பதுதான் நமக்கு உடனே தோன்றும் பதில். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. மலையில் தார் போடுவது தனித் திறமை தேவைப்படும் வேலை. வாரி பிடிப்பவர், ரோலர் ஓட்டுபவர், மேஸ்திரி எனக் களத்தில் நிற்கும் பலரும் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். அவர்களுக்கு வகுப்பும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

அப்படி என்ன தெரிஞ்சிருக்கணும்? யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? பார்க்கலாம்.

எல்லாமே சூட்டில்தான் இருக்கு

முதலில் ஒரு விஷயம். நாம் 'தார்' என்று சொல்வது உண்மையில் பிட்டுமென். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் மிஞ்சும் கறுப்புப் பசை. நிஜமான தார் நிலக்கரியில் இருந்து வருவது. பேச்சு வழக்கில் தார் என்றே நிலைத்துவிட்டதால் நாமும் அப்படியே சொல்வோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைப் புத்தகத்தில் இதற்கான வெப்பநிலை கணக்கு இருக்கிறது. பரவலாகப் பயன்படும் வி.ஜி-30 ரகத் தார் என்றால், ஜல்லியோடு கலந்த கலவை 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். சாலையில் கொட்டி விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி. ரோலர் ஓடி முடிப்பதற்குள் 90 டிகிரிக்குக் கீழே போய்விடக் கூடாது.

சமவெளியில் மே மாத வெயிலில் இது பெரிய சவால் இல்லை. நீலகிரியில் கதையே வேறு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கலவை கீழே தயாராகி டிப்பர் லாரியில் மேலே ஏறி வர வேண்டிய வேலை என்றால், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. சுற்றுலா பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் லாரியில் கலவை ஆறிக்கொண்டே வரும். தார்பாய் போட்டு இறுக்க மூடவில்லை என்றால் மேல்பகுதி கட்டி தட்டிவிடும்.

விரித்த பிறகு இன்னும் மோசம். 25, 30 மில்லிமீட்டர் கனமே உள்ள மெல்லிய அடுக்கு, குளிர்காற்றில் சில நிமிடங்களில் ஆறிவிடும். ஆறிய கலவையை ரோலர் எத்தனை தடவை அழுத்தினாலும் அது இறுகாது. மேலே பார்க்க ரோடு மாதிரி இருக்கும், உள்ளே காற்று இடைவெளி இருக்கும். முதல் மழையில் அதில் தண்ணீர் இறங்கும். அவ்ளோதான்.

லாரி வந்து நின்றதும் கலவைக்குள் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "இது வேண்டாம், திருப்பி அனுப்பு" என்று சொல்லும் அறிவும் அதிகாரமும் களத்தில் ஒருவருக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பனிமூட்டம் வந்தா வேலையை நிறுத்தணுமா?

ஆமாம். இதை நாம் சொல்லவில்லை, விதியே சொல்கிறது. மழை பெய்தாலும், வரும்போல இருந்தாலும், சாலையில் தண்ணீர் நின்றாலும், அடித்தளம் ஈரமாக இருந்தாலும் தார் போடக் கூடாது. பனிமூட்டம் இருந்தாலும் கூடாது. தார் விழும் இடத்தில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இருந்தாலும் கூடாது. பாலிமர் கலந்த மேம்படுத்தப்பட்ட தார் என்றால் அந்த வரம்பு 15 டிகிரி.

இப்போ நீலகிரி காலண்டரைப் பாருங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது நினைவிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம். 2009 நவம்பர் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது அந்தப் பருவத்தில்தான். ஜனவரி காலையில் உறைபனி. ஏப்ரல், மே வந்தால் சீசன். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என உயர் நீதிமன்றமே வரம்பு வைக்க வேண்டிய அளவுக்கு நெரிசல்.

மிஞ்சுவது பிப்ரவரியும் மார்ச்சும், நடுவில் கிடைக்கும் சில வெயில் நாட்களும்தான். அந்த மார்ச்தான் நிதியாண்டு முடியும் மாதமும். பில் போட வேண்டிய அவசரம் ஒரு பக்கம், மதியம் 3 மணிக்கே இறங்கும் மூட்டம் இன்னொரு பக்கம். 'இன்னும் ரெண்டு லோடுதானே, போட்டு முடிச்சிடலாம்' என்கிற முடிவு எடுக்கப்படுவது இங்கேதான். அந்த ரெண்டு லோடு விழுந்த இடம்தான் ஆறு மாதம் கழித்துப் பள்ளமாகிறது.

ரோலர் ஓட்டுறதுல என்ன இருக்கு?

நிறைய இருக்கு. சாதாரண ரோட்டில் ரோலர் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிப் போகும். மலை வளைவில் சாலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அங்கே தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி மேட்டுப் பக்கம் ஏற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் சூடான கலவை கீழ்நோக்கி நகர்ந்துவிடும். கீழ் ஓரத்தை முதலில் இறுக்கினால் அது மேலே உள்ள கலவைக்கு முட்டுக் கொடுக்கும்.

வேகம் மணிக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. சூடான தார் மேல் ரோலரை நிறுத்தி வைக்கக் கூடாது, சடாரென்று திருப்பக் கூடாது. சக்கரத்தில் தார் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும், அதுவும் அளவாக. டீசல் பூசும் பழக்கம் பல இடங்களில் உண்டு. டீசல் தாரைக் கரைத்துவிடும். இதை ஒருமுறை கண் முன்னே செய்து காட்டினால் எந்த டிரைவரும் மறக்க மாட்டார். காட்ட ஆள் வேணுமே!

கொண்டை ஊசி வளைவில் பேவர் இயந்திரம் சரியாகத் திரும்பாத இடங்களில் கையால்தான் விரிக்க வேண்டும். மண்வெட்டியில் அள்ளித் தூரமாக வீசினால் பெரிய ஜல்லி தனியாக உருண்டு போகும், பொடி தனியாக நிற்கும். கலவையை அருகில் கொண்டுபோய் வைத்து வாரியால் இழுக்க வேண்டும். பிரேக் பிடித்து இறங்கும் பஸ், முதல் கியரில் முனகி ஏறும் இலை லாரி என மொத்த இழுவிசையும் விழுவது இந்த வளைவில்தான். ஆக, ரோட்டிலேயே அதிகம் அடி வாங்கும் இடம் கையால் போடப்படுகிறது. வளைவில் ஜல்லி பெயர இது ஒரு முக்கியக் காரணம்.

தண்ணீரும் பிளாஸ்டிக்கும்

தாருக்கு முதல் எதிரி தண்ணீர். கல்லுக்கும் தாருக்கும் இடையே நுழைந்து ஒட்டைப் பிரித்துவிடும். அதனால்தான் தார் பூசிய ஜல்லியை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துச் சோதிக்கிறார்கள். 95 சதவீதப் பூச்சாவது மிஞ்ச வேண்டும்.

இங்கே தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்த ஒரு கண்டுபிடிப்பு உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் சாலை முறை. சூடான ஜல்லி மேல் நறுக்கிய கழிவு பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும். அதன் பிறகு தார். தண்ணீர் எளிதில் உள்ளே நுழையாது. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. மழை அதிகம் உள்ள ஊருக்கு ஏற்ற முறைதான். ஆனால் பி.வி.சி. ரகத்தைப் பிரித்து எடுக்காமல் போட்டால் நச்சுப் புகை வரும். சூடு கூடினாலும் ஆபத்து. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் பிளாண்ட்டில் நிற்கும் தொழிலாளி. பிரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் தொழில்நுட்பம் மட்டும் வந்து பயனில்லை.

சூடாக்கவே தேவையில்லாத 'எமல்ஷன்' கலவையும் இருக்கிறது. குளிர் மலைகளுக்கு உதவும். அதிலும் ஒரு சூட்சுமம்: ஊற்றும்போது பழுப்பாக இருக்கும், கறுப்பாக மாறினால்தான் தண்ணீர் பிரிந்தது என்று அர்த்தம். பழைய ரோட்டின் மேல் ஒட்டுக்காகத் தெளிக்கும்போது, பழுப்பாக இருக்கும்போதே மேல் அடுக்கைப் போட்டால் ரெண்டும் ஒட்டாது.

சரி, யாருக்குப் பயிற்சி கிடைக்குது?

பொறியாளர்களுக்கு இடம் இருக்கிறது. சென்னை கிண்டியில் மாநில நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம், நொய்டாவில் இந்திய நெடுஞ்சாலைப் பொறியாளர் அகாடமி, டெல்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம். மலைச் சாலைகளுக்கென்றே இந்திய சாலைகள் காங்கிரஸ் தனிக் கையேடு வைத்திருக்கிறது.

தொழிலாளர் பக்கம் வந்தால் படம் மங்குகிறது. 2008-ல் தேசிய திறன் மேம்பாட்டுக் கழகம் வந்தது. அதன் கீழ் கட்டுமானத் துறைக்கு ஒரு திறன் கவுன்சில், ரோலர், பேவர் போன்ற இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. மாநிலத்தில் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் 'முன்அனுபவ அங்கீகாரம்' திட்டமும் உண்டு. 20 வருடம் ரோலர் ஓட்டிய டிரைவருக்கு இது நல்ல வாய்ப்பு.

சிக்கல் எங்கே? பயிற்சிக்குப் போகும் நாளுக்குக் கூலி போகும். சான்றிதழ் வாங்கி வந்தாலும் கூலி ஏறும் என்ற உறுதி இல்லை. ஒப்பந்ததாரர் பார்வையில், பயிற்சி கொடுத்த ஆள் அடுத்த மாதம் வேறு ஒப்பந்ததாரரிடம் போய்விடுவார். யாருமே முதல் அடி எடுத்து வைக்காததற்கு இது போதும். டெண்டரில் இத்தனை சான்றிதழ் பெற்ற ஆட்கள் களத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிச் சோதித்தால் மட்டுமே இது மாறும் என்று தோன்றுகிறது. பிரிட்டனில் 1991-ல் வந்த சட்டப்படி, சாலையைத் தோண்டி மூடும் வேலைக்குக்கூட தகுதி அட்டை உள்ளவர் களத்தில் இருக்க வேண்டும். அட்டைக்கு 5 வருடம்தான் ஆயுள், அதன் பிறகு மறுபடியும் சோதனை.

அனுபவத்தை இழந்த கதை ஒன்று

தமிழ்நாட்டில் 1997-ல் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். பள்ளம் அடைப்பது, ஓரக் கான் தூர்வாருவது, செடி வெட்டுவது இவர்கள் வேலை. 2002 செப்டம்பரில் ஒட்டுமொத்தமாகப் பணிநீக்கம். 2006-ல் திரும்ப எடுத்தார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

மலையில் இந்த வேலையின் மதிப்பு தனி. எந்த வளைவில் ஊற்று கசியும், எந்தச் சிறுபாலம் முதல் மழையிலேயே அடைக்கும் என்பது அந்தப் பகுதியில் தினமும் நடந்தவருக்குத்தான் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் போய், ஆட்கள் ஓய்வு பெறப் பெற, அந்த அறிவும் கூடவே போகிறது.

நம்ம தெருவில் வேலை நடந்தால் எதைக் கவனிக்கலாம்?

கலவையில் இருந்து நீலப் புகை கிளம்பினால் தார் கருகும் அளவுக்குச் சூடாகிவிட்டது என்று பொருள். புகையோ ஆவியோ இல்லாமல் கட்டி கட்டியாக விழுந்தால் ஆறிப்போய்விட்டது. பழைய ரோட்டைக் கூட்டிச் சுத்தம் செய்யாமல், ஒட்டுத் தார் தெளிக்காமல் மேலே போட்டால் அப்பளம் போலப் பெயர்ந்து வரும். மூட்டத்திலோ தூறலிலோ வேலை நடந்தால் போட்டோ எடுத்து வைங்க.

நெடுஞ்சாலைத் துறை சாலையில் பள்ளம் இருந்தால், 2023-ல் அறிமுகமான 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு புகார் செய்யலாம். ஊராட்சி, பேரூராட்சி, எஸ்டேட் சாலைகள் இதில் வராது. அந்தந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

கேட்கும்போது வாரி பிடிப்பவரிடம் சண்டைக்குப் போகாதீங்க. 140 டிகிரி கலவைக்குப் பக்கத்தில், பல நேரம் வெறும் ரப்பர் செருப்போடு நிற்பவர் அவர். லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவரிடம் இல்லை.