வீட்டு வெப்பமும் குளிர்சாதன அளவும்

குளிர்நாடுகளில் வீடு கட்டுவோர் முதலில் ஒரு கணக்குப் போடுவர். வீட்டிலிருந்து மணிக்கு எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறதோ, அவ்வளவைத் தரும் கணப்புச் சாதனமே அவர்களுக்குப் போதும். நம் சிலாங்கூரிலோ வெப்பம் உள்ளே நுழைகிறது. அதனை வெளியேற்றக் குளிர்சாதனம் வாங்குகிறோம். திசைதான் வேறு; கணக்கு ஒன்றே.

சுவரின் பரப்பு, அது வெப்பம் கடத்தும் அளவு, உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாடு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டின் நடுமாடி அறையை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிச்சுவர் 10 சதுர மீட்டர். நேர்வெயில் படாத ஒற்றைச் செங்கற்சுவர், சதுர மீட்டருக்கு ஒரு பாகை வேறுபாட்டில் ஏறத்தாழ 3 வாட் கடத்தும். வெளியே 33 பாகை செல்சியஸ், உள்ளே 25 எனில், 10 × 3 × 8 = 240 வாட்.

மாலை வெயில் விழும் கண்ணாடிச் சன்னல் இதனினும் பெரிய வாயில். சதுர மீட்டருக்கு 400 வாட் என்று கொண்டால், 2 சதுர மீட்டருக்கு 800 வாட். அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெளியிடுவார், இருவருக்கு 200. இதுவரை 1,240 வாட். விளக்கு, தொலைக்காட்சி, கதவிடுக்கில் புகும் ஈரக்காற்று ஆகியவற்றுக்கு மேலும் 350 சேர்த்தால் மொத்தம் 1,590 வாட்.

கடையில் '1 குதிரைத்திறன்' என விற்கப்படும் சாதனம் மணிக்கு ஏறத்தாழ 9,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு, அதாவது 2,600 வாட் அளவு வெப்பத்தை அகற்றும். ஆகவே இவ்வறைக்கு அதுவே தாராளம். '2 குதிரைத்திறன்' வேண்டியதில்லை.

பெரிது வாங்கினால் நல்லதுதானே என்பர் சிலர். அன்று. வேகம் மாறாத பெரிய சாதனம் அறையை விரைவிற் குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரத்தை நீக்க அதற்கு நேரம் இராது. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பு நீங்காது. அளவிற் சிறியதோ ஓயாது ஓடித் தேயும்.

தோட்டத்தைவிட்டு நகர வீடுகளுக்குக் குடியேறிய குடும்பங்கள் பல, இச்சாதனத்தைத் தவணையில் வாங்குகின்றன. மிகைப்பட்ட அளவுக்கு விலையும் மிகை. அவர்கள் முதலில் சன்னலுக்கு வெளியே நிழற்றட்டி அமைக்கட்டும். 800 வாட்டில் பாதிக்குமேல் குறையும். பிறகு கணக்கிட்டு வாங்கட்டும். பெருக்கலும் கூட்டலும் அறிந்த ஆறாம் ஆண்டு மாணவரே இக்கணக்கைத் தம் வீட்டுக்குச் செய்து தரலாம். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு பயிற்சியாகக் கொடுத்துப் பார்க்கலாம்.