அப்டேட் ஆனதும் கேம் முடங்குகிறதா? பார்மட் செய்யும் முன் ஒரு நிமிடம்!

"தம்பி, கம்ப்யூட்டர் போச்சுடா!" என்று திருநெல்வேலியில் இருந்து அக்கா போன் செய்தபோது நான் சென்னையில் ஆபீஸில் இருந்தேன். என் பெரியம்மா மகள் அவர். ஆறு மாதத்துக்கு முன்புதான் என் மருமகனுக்காக விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள்.

விசாரித்தால், கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. மருமகன் தினமும் ஆடும் கார் பந்தய கேம் மட்டும் ஓடவில்லை. ஐகானை டபுள் கிளிக் செய்தால் திரை கறுத்து, இரண்டு விநாடியில் டெஸ்க்டாப்புக்கே திரும்பி விடுகிறதாம். முந்தின நாள்தான் விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கிறது. "கேம் ஆடி ஆடியே வைரஸை ஏத்திட்டான்" என்று அத்தான் பையனைத் திட்டித் தீர்த்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்து, "பார்மட் பண்ணினாத்தான் சரியாகும்" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் சி.பி.யு.வைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

டெஸ்க்டாப்பில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அப்பாவோட அறுபதாம் கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் அதுலதானே இருக்கு" என்றார் அக்கா. பென் டிரைவில் இருந்ததை கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, அந்த பென் டிரைவைப் பையனின் பள்ளி வேலைக்கு அழித்துக் கொடுத்திருக்கிறார்கள். வேறு பிரதி எங்கும் கிடையாது. பெரியப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது.

பார்மட் செய்தால் அந்த டிரைவில் உள்ள எல்லாமே போய்விடும். டெஸ்க்டாப்பில் நாம் வைக்கும் பைல்கள் விண்டோஸ் இருக்கும் அதே சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்குத் தெரிவதில்லை. எனவே முதலில் அந்த போல்டரை வேறொரு பென் டிரைவில் காப்பி செய்யச் சொன்னேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து மருமகனை வீடியோ காலில் அழைத்தேன். ஒரு கேம் நின்றுபோனால் விண்டோஸ் அதைச் சும்மா விடுவதில்லை. ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்திடுங்கள். "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்ற வரி கிடைக்கும். அதில் கிளிக் செய்தால் தேதிவாரியாக ஒரு வரைபடம் விரியும். ஏதேனும் புரோகிராம் முடங்கிய நாளில் சிவப்பு நிறப் பெருக்கல் குறி இருக்கும். அந்த நாளைக் கிளிக் செய்தால் கீழே கேமின் பெயர் தெரியும். அதன் அருகே உள்ள "வியூ டெக்னிக்கல் டீடெய்ல்ஸ்" என்பதைத் திறந்திடுங்கள்.

நிறைய எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது "பால்ட் மாட்யூல் நேம்" என்ற ஒரே வரி. விழும்போது எந்த பைலின் கையில் வேலை இருந்தது என்பதை அது சொல்லும். அங்கே கேமின் பெயரே இருந்தால், கேமின் பைல்கள் கெட்டிருக்கலாம், அல்லது கேம் தயாரித்தவர்கள் தர வேண்டிய திருத்தம் வராமல் இருக்கலாம். ஸ்டீம் மூலம் வாங்கியதென்றால், கேமின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், இன்ஸ்டால்டு பைல்ஸ் சென்று, பைல்களைச் சரிபார்க்கும் "வெரிபை" பட்டனை அழுத்துங்கள். கெட்ட பைல்களை மட்டும் அதுவே மீண்டும் இறக்கிக் கொள்ளும்.

கிராபிக்ஸ் டிரைவரின் பெயர் இருந்தால், கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருந்து புதிய டிரைவரை இறக்கிப் பதியுங்கள். புதிய டிரைவர் வந்த பிறகுதான் தொல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர், ப்ராபர்ட்டீஸ், டிரைவர் டேப் என்று போய் "ரோல் பேக் டிரைவர்" கொடுத்திடலாம். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று பொருள்.

சில நேரம் விண்டோஸின் சொந்த பைல் பெயரே, குறிப்பாக என்.டி.டி.எல்.எல். என்பது, அங்கே நிற்கும். உடனே "பார்த்தாயா, விண்டோஸ்தான் குற்றவாளி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேறொரு புரோகிராம் மெமரியைக் கெடுத்து வைத்த பிறகு, பாவம், அந்த பைல் கையில் வைத்திருக்கும்போது வெடித்திருக்கலாம்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு 2024 அக்டோபரில் வந்தது. அதற்கு மாறியவர்கள் சிலர் ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ் கேமில் ஸ்கிம்மர் என்ற நீர்விமானத்தைக் காணோம் என்றார்கள். கம்ப்யூட்டருக்கு 2005-இல் வந்த கேம் அது. இருபது வருடமாகப் பறந்த விமானம் திடீரென்று எங்கே போகும்? பழைய கேம்களுக்குத் திருத்தம் எழுதும், சைலன்ட் என்ற புனைபெயர் கொண்ட புரோகிராமர் தோண்டிப் பார்த்து, 2025 ஏப்ரலில் விடையை வெளியிட்டார். கேமின் வண்டிகளைப் பற்றிய பட்டியலில் ஸ்கிம்மருக்கான வரியில் சக்கர அளவுக்கான எண்களை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். எண் இல்லாததால், அதற்கு முன் படித்த வண்டியின் எண்கள் மெமரியில் மிச்சமிருந்ததை எடுத்து கேம் இத்தனை காலம் ஒப்பேற்றி வந்திருக்கிறது. லாட்ஜ் அறையில் முன்பு தங்கியவர் விட்டுப்போன சோப்பில் குளிப்பது மாதிரிதான்! 24எச்2-இல் விண்டோஸ் தன் உள்வேலை ஒன்றைச் செய்யும் முறை மாறியது. அந்த மெமரி இடத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டது. சோப்பு இல்லை. விமானமும் இல்லை. விண்டோஸ் செய்ததில் தவறே கிடையாது. கேமில் இருந்த பழைய தவறு அன்றுதான் வெளியே வந்தது.

இப்படிப்பட்ட தவறை நம் வீட்டில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. நூறு முறை பார்மட் செய்தாலும் அதே அப்டேட் திரும்ப வரும், அதே கேம் திரும்ப விழும். 24எச்2 வந்தபோது யுபிசாப்டின் அசாசின்ஸ் க்ரீட் வரிசையில் சில கேம்களும் உறைந்து நின்றன. அந்த கேம்கள் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் போகாதபடி மைக்ரோசாப்டே தடுத்து வைத்தது. யுபிசாப்ட் திருத்தங்களை வெளியிட்டது. காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

வீட்டில் பழைய சி.டி. கேம்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000-களில் வந்த பல சி.டி.க்களில் சேப்டிஸ்க் என்ற காப்பித் தடுப்பு இருந்தது. அதன் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. விண்டோஸ் 11-உம் ஏற்பதில்லை. அந்த சி.டி.க்களோடு மல்லுக்கட்டாதீர்கள். அதே கேம் இன்று டவுன்லோட் வடிவில் விற்பனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். "கிராக்" பைல் தேடிப் போனால் அத்தான் சொன்ன வைரஸ் நிஜமாகவே வந்து சேரும்.

எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் அப்டேட்டையே நீக்கலாம். மாதாந்திர அப்டேட் என்றால் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். 24எச்2 போன்ற பெரிய பதிப்பு என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி பகுதியில் "கோ பேக்". பெரிய பதிப்புக்கு வழக்கமாகப் பத்து நாள்தான் கெடு. பிறகு அந்தப் பட்டன் உதவாது. அப்டேட்டில் பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே வருவதால், நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டரில் ஒரு கேமுக்காக இதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மருமகன் அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தான். கேமின் பெயரும் இல்லை, டிரைவரும் இல்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று. "இது என்னடா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாமா, ரேஸ் ஜெயிச்சா பிரெண்ட்ஸுக்குக் காட்ட ஒரு ரெக்கார்டர் போட்டேன்" என்றான். திரையைப் பதிவு செய்யும் இலவச புரோகிராம், ரொம்பப் பழைய பதிப்பு. இந்த வகை புரோகிராம்கள் கேமுக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்துகொண்டு வேலை செய்பவை. அடியில் விண்டோஸ் மாறும்போது இவை தடுமாறினால், கேமையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். கேம் திறந்தது. மொத்தம் இருபது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் போட்டோக்களைக் காப்பி செய்ய ஆனது.

அந்த பென் டிரைவ் இப்போது அக்காவின் பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவியை மருமகனிடம் கொடுப்பதில்லையாம்.