களையோடு களையாகக் கிடக்கும் கீரை

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் தானாக முளைத்த டேன்டெலியன் இலையைப் பறித்துத் தின்றதற்காக 1986-ல் ஸ்டீவ் பிரில் என்பவர் கைது செய்யப்பட்டார். பிறகு, அங்குள்ள உண்ணத்தக்க செடிகளை மக்களுக்குக் காட்டும் வேலையை நகரப் பூங்காத் துறை அவருக்கே கொடுத்தது.

அந்நகரில் தானாக முளைக்கும் கீரைகளில் பருப்புக்கீரையும் ஒன்று. அதையே நீங்கள் களையென்று கொத்தி வரப்பில் போடுகிறீர்கள். ஒமேகா-3 கொழுப்பு அமிலம் உள்ள கீரை இது. பாசிப்பருப்போடு சேர்த்துக் கடையலாம்.

பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அல்ல, விட்டுவிடுங்கள். சாக்கடை ஓரத்தில் பறிக்காதீர்கள். இதில் ஆக்சலேட் அதிகம் என்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

களையெடுக்க வரும் பெண்களுக்கு இந்தக் கீரை நன்றாகத் தெரியும். மாலையில் மடி நிறையப் பறித்துச் செல்வார்கள். தெளித்த மருந்து இலையைப் பார்த்தால் தெரியாது. எனவே களைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ அடித்திருந்தால், அவர்கள் வயலில் இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கீரைக்காக வரப்போரத்தில் சிறிது இடத்தை மருந்தடிக்காமல் விட்டாலும் நல்லது. காற்றில் மருந்து சாரல் படாத பக்கமாகப் பார்த்து விடுங்கள்.